ஓட ஓடக் குறையுது கலோரி!

ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன். சித்தி பையன். இன்ஜினீயரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல் வாசம். அந்த நேரத்தில் அவன் கூப்பிட்டால் இரண்டே காரணம்தான். ஒண்ணு, பணம். இன்னொண்ணு, வீட்டுக்குத் தெரியக்கூடாத ஏதோ ஒரு விவகாரம்.

"அண்ணே, என் வாட்ச் ரிப்பேர் ஆயிடுச்சு. இல்லைன்னா நான் ரிப்பேர் ஆயிட்டேன்!"

பணம் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக எழுந்து உட்கார்ந்தேன்.

தம்பியின் பூர்வீகம் கொஞ்சம் சொல்லணும். ஹாஸ்டல் மெஸ்ஸையும் வாசல் டீக்கடை பஜ்ஜியையும் நம்பி வாழ்ந்ததில், ரெண்டாவது வருஷ முடிவில் ஐயா 75 கிலோ. மூணாவது மாடி லேபுக்கு ஏறுவதற்குள் நாக்கு தள்ளியது. ஒரு நாள் பக்கத்தில் ஏறிவந்த ஜூனியர் பொண்ணு, "அண்ணா, தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டாள். அந்த 'அண்ணா' வலித்ததா, 'தண்ணி' வலித்ததா தெரியவில்லை. அடுத்த வாரமே ஆன்லைனில் ஒரு ஸ்மார்ட் வாட்ச். அதற்கடுத்த நாள் கிரவுண்டில் ஆஜர்!

400 மீட்டர் டிராக். பத்து ரவுண்டு. அதாவது 4 கிலோமீட்டர், முப்பது நிமிஷம். மூச்சு இரைக்க, முகம் சிவக்க ஓடி முடித்து வாட்ச்சைப் பார்த்தால் 470 கலோரி. பயல் அதை ஸ்டேட்டஸ் போட்டான். அம்மாவுக்கு அனுப்பினான். எனக்கும் அனுப்பினான்.

நாலு மாசம் விடாமல் ஓடியிருக்கிறான். அதே கிரவுண்டு, அதே பத்து ரவுண்டு, அதே முப்பது நிமிஷம். இப்போது வாட்ச் காட்டுவது 380.

"90 கலோரி எங்கண்ணே போச்சு? உடம்பு சோம்பேறி ஆயிடுச்சா? ரூம்மேட் சொல்றான், 'மெட்டபாலிசம் படுத்துருச்சு மச்சி'ன்னு."

இதோடு நிறுத்தியிருந்தால் சிரித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். ஆனால் அவன் ஒரு 'கணக்கு' போட்டிருக்கிறான். 470 வருகிற வரை நிறுத்துவதில்லை என்று தினமும் ரெண்டரை, மூணு ரவுண்டு கூடுதல். அதிலும் குறைந்தால் ராத்திரி சாப்பாட்டில் பிடித்தம். நாலு சப்பாத்தி ஒன்றாகியிருக்கிறது. மூணு வாரம் இப்படி ஓடியவன், அன்றைக்குச் சாயங்காலம் பதிமூணாவது ரவுண்டில் கண் இருட்டி, கேலரிப் படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். கூட இருந்த பசங்க தண்ணி தெளித்து, மோர் வாங்கிக் கொடுத்து ரூமுக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே."

"சொல்லலை. முதல்ல ஒண்ணு சொல்லு. ஆரம்பத்துல ஓடும்போது ஹார்ட் ரேட் எவ்வளவு இருந்துச்சு? இப்ப எவ்வளவு?"

ஆப்பைத் தேடிப் பார்த்தான். "அப்ப சராசரி 160. இப்ப 140."

"அடப்பாவி! நல்ல சேதியைக் கெட்ட சேதின்னு நினைச்சு பட்டினி கிடந்திருக்கியேடா!"

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். போனில் அவனிடம் சொன்னதையும், மறுநாள் உட்கார்ந்து பேப்பரில் போட்டுப் பார்த்ததையும்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன். ஏனென்றால், இந்தக் குழப்பம் அவனுக்கு மட்டும் இல்லை. கையில் வாட்ச் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்த பலரும் மூணாவது, நாலாவது மாசத்தில் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

வாட்ச்சுக்கு என்னதான் தெரியும்?

உங்கள் வாட்ச்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பச்சை விளக்கு மின்னும். ரத்தம் பச்சை வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டில் ரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வருகிற வெளிச்சம் குறையும். அடுத்த கணம் ரத்தம் வடியும், வெளிச்சம் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித் துடிப்பு ரெடி. இது தவிர, கை ஆடுவதை உணர ஒரு சின்ன சிப். பல வாட்ச்சில் ஜி.பி.எஸ். அப்புறம், வாங்கிய அன்றைக்கு நீங்களே டைப் செய்த வயசு, எடை, உயரம், ஆணா பெண்ணா என்ற விவரம். (எடையை எத்தனை பேர் நிஜமாகப் போட்டிருப்பார்கள் என்பது தனி ஆராய்ச்சி!)

அவ்வளவுதான். கலோரியை அளக்கிற கருவி என்று அதற்குள் ஒன்றுமே கிடையாது. கலோரி அங்கே அளக்கப்படுவதில்லை, ஊகிக்கப்படுகிறது.

நிஜமாக அளக்க வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? கலோரி என்பது வெப்பத்தின் அளவு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்தான் நாம் சாப்பாட்டு விஷயத்தில் 'கலோரி' என்று சொல்லும் கிலோ கலோரி. பிரான்ஸின் லவாய்சியரும் லாப்லாஸும் 1780-களில் ஒரு கினிப் பன்றியைச் சுற்றிப் பனிக்கட்டியை அடுக்கிவைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று பார்த்தார்கள். அது விட்ட மூச்சையும் கணக்கெடுத்தார்கள். 'விளக்கு எரிவதும், உயிர் மூச்சுவிடுவதும் ஒரே மாதிரி வேலைதான்' என்ற முடிவுக்கு வந்தார்கள். (லவாய்சியரின் தலையை 1794-ல் புரட்சி அரசாங்கம் வெட்டிவிட்டது. விஞ்ஞானத்துக்காக இல்லை, வரி வசூல் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்ததற்காக.)

அந்த யோசனைதான் இன்றைக்கும் அடிப்படை. உடம்பு ஒரு லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்தால் சுமார் 5 கலோரி எரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால், ஸ்போர்ட்ஸ் லேப்களில் முகத்தில் மாஸ்க்கை மாட்டி ஓடவிட்டு, உள்ளே போன ஆக்சிஜன் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கழித்துப் பார்க்கிறார்கள். மாஸ்க்கோடு தினமும் கிரவுண்டுக்குப் போக முடியாதே! அதற்காகக் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் இதயத் துடிப்பு.

'என் வாட்ச்சில் ஆக்சிஜனும் காட்டுமே பாஸ்' என்று ஒருத்தர் கை தூக்குவார். அது வேற. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று சொல்லாது. டேங்க் ஃபுல்லா என்று பார்ப்பதும், மைலேஜ் பார்ப்பதும் ஒண்ணா?

துடிப்பை வைத்துக் கலோரியை எப்படி ஊகிப்பது? வேகம் கூடினால் தசைக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். அதைக் கொண்டுபோக இதயம் அதிகம் துடிக்கும். ஆக, துடிப்பு கூடினால் ஆக்சிஜன் கூடியிருக்கிறது, ஆக்சிஜன் கூடினால் கலோரி கூடியிருக்கிறது. லாஜிக் சரிதான். ஒரே ஆளை ஒரே நாளில் பார்க்கும்வரை! நாலு மாசம் ஓடிவிட்டால் அதே ஆள் வேறு ஆளாகிவிடுகிறார். அங்கேதான் சிக்கல்.

சின்ன டம்ளர், பெரிய டம்ளர்

ஒரு வாளியில் 5 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. டம்ளரால் மொண்டு இன்னொரு வாளிக்கு மாற்ற வேண்டும். 70 மில்லி டம்ளர் என்றால் 72 தடவை மொள்ளணும். 100 மில்லி டம்ளர் என்றால் 50 தடவை போதும். மாறிய தண்ணீர் அதே 5 லிட்டர்தான்.

இதயத்தின் கதையும் இதேதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடம்புக்கு நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்த ஓட்டம் தேவை. பயிற்சி இல்லாதவரின் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி தள்ளும். அதனால்தான் நாடி 70-ஐச் சுற்றி இருக்கிறது. தொடர்ந்து ஓடுகிறவரின் இதயம் ஒரே துடிப்பில் 100 மில்லி தள்ளினால், 50 துடிப்பிலேயே வேலை முடிந்துவிடும். தீவிரமான மாரத்தான்காரர்களுக்கு ஓய்வு நேர நாடி நாற்பதுகளில் இருப்பது இதனால்தான்.

இப்போது தம்பியின் கிரவுண்டுக்கு வாங்க. அந்த வேகத்தில் ஓட, அவன் உடம்புக்கு நிமிஷத்துக்கு 16 லிட்டர் ரத்தம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் ஒரு துடிப்புக்கு 100 மில்லி. அப்போ 160 துடிப்பு. நாலு மாசம் கழித்து ஒரு துடிப்புக்கு 114 மில்லி. அப்போ 140 துடிப்பு போதும். ரத்தம் அதே 16 லிட்டர். ஆக்சிஜனும் ஏறக்குறைய அதே. எரிந்த கலோரியும் ஏறக்குறைய அதே!

வாட்ச் டம்ளரைப் பார்க்கவில்லை. எத்தனை தடவை மொண்டாய் என்று மட்டும் எண்ணுகிறது. '160 தடவை மொண்டவன் இப்போ 140 தடவைதான் மொள்றான், வேலையைக் குறைச்சுட்டான்' என்று எழுதிவைத்துவிடுகிறது.

டம்ளர் எப்படிப் பெருசாகிறது என்பதும் சுவாரஸ்யம்தான். ஓட ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் அதிகமாகிறது. மாசங்கள் போகப் போக, ரத்தத்தை உடம்புக்கு அனுப்பும் இடது கீழறை கொஞ்சம் விரிந்து, சுவரும் பலப்படுகிறது. அந்தப் பக்கம் தசையிலும் ரிப்பேர் வேலை நடக்கிறது. நுண் ரத்தக் குழாய்கள் புதுசாக முளைக்கின்றன, ஆக்சிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. வந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இன்னும் நன்றாகக் கறந்துகொள்ளத் தசை பழகுகிறது. இத்தனையும் நடந்ததன் ரிசல்ட்தான் 140. பயல் அதைப் பார்த்துத்தான் சப்பாத்தியைக் குறைத்தான்.

பேப்பர், பேனா, கால்குலேட்டர்

ஒவ்வொரு வாட்ச் கம்பெனியும் தன் ஃபார்முலாவைப் பரம ரகசியமாக வைத்திருக்கிறது. ஆனால் 2005-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆராய்ச்சிக் குழு ஒன்று தன் ஃபார்முலாவை வெளியிட்டது. இணையத்தில் சுற்றும் கலோரி கால்குலேட்டர்கள் பலவற்றின் தாத்தா அதுதான். ஆண்களுக்கு அது இப்படி: நிமிஷத் துடிப்பை 0.6309-ஆல் பெருக்கு. எடையை 0.1988-ஆல், வயசை 0.2017-ஆல் பெருக்கு. மூன்றையும் கூட்டி 55.0969-ஐக் கழி. வந்ததை 4.184-ஆல் வகுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை கலோரி என்று வரும். (பெண்களுக்கு வேறு எண்கள்.)

தம்பி, வயசு 20, எடை 75. துடிப்பு 160 என்று போட்டேன். முப்பது நிமிஷத்துக்கு 465 வந்தது. துடிப்பை மட்டும் 140 என்று மாற்றினேன். 374. அவன் வாட்ச் காட்டிய 470, 380-க்கு எவ்வளவு பக்கத்தில் பாருங்கள்! காணாமல் போன 90 கலோரியும் அந்த 20 துடிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

சரி, நிஜத்தில் எவ்வளவுதான் எரிந்திருக்கும்? இதற்குத் துடிப்பே தேவையில்லாத இன்னொரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு வைத்திருக்கும் சூத்திரம், வேகத்தை வைத்து ஆக்சிஜன் தேவையைச் சொல்லும். தோராயமாகச் சொன்னால், சமதளத்தில் ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரிக்குக் கொஞ்சம் மேலே. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம், 75 கிலோ ஆளுக்கு அதன்படி சுமார் 340 கலோரி.

இந்த இடத்தில் நானே கொஞ்சம் அசந்துவிட்டேன். முதல் வாரம் வாட்ச் காட்டிய 470-ஐ விட, இப்போது காட்டும் 380-தான் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாட்ச் இப்போது அவனை ஏமாற்றவில்லை. ஏமாற்றியது அப்போது! பழக்கமில்லாத இதயம் திணறித் துடித்ததைப் பார்த்து, 'ஆஹா, என்னா உழைப்பு' என்று ஏமாந்து, கூட 130 கலோரியை இனாமாக எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த இனாமைத்தான் பயல் தன் சொத்து என்று நினைத்து, பறிபோய்விட்டதாக அழுதிருக்கிறான்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. கேப் டவுன் குழு ஃபார்முலா தயாரிக்கச் சோதித்தது 115 பேரை. அத்தனை பேரும் ஏற்கெனவே ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறவர்கள். அவர்களின் அளவில் தைத்த சட்டை, முதல் நாள் கிரவுண்டுக்கு வருகிற பஜ்ஜிப் பிரியருக்கு எப்படிப் பொருந்தும்? அந்தக் குழுவினரே இதை உணர்ந்துதான், ஆளின் ஃபிட்னஸ் அளவையும் சேர்த்துக்கொள்ளும் இன்னொரு ஃபார்முலாவும் கொடுத்திருக்கிறார்கள். இப்போது சில வாட்ச்சுகள் உங்கள் வேகத்தையும் துடிப்பையும் சேர்த்துப் பார்த்து ஃபிட்னஸை ஊகித்து, கலோரியைத் திருத்தவும் பார்க்கின்றன. அந்த மாதிரி வாட்ச்சில் இந்தச் சரிவு கொஞ்சம் குறைவாக இருக்கும்.

நிஜமாகவே குறைந்தது ஒன்று உண்டு. நாலு மாச ஓட்டத்தில் தம்பி 71 கிலோ. (வாட்ச்சில் இன்னமும் 75 என்றுதான் இருந்தது!) தூக்கிக்கொண்டு ஓடுகிற மூட்டை நாலு கிலோ குறைந்துவிட்டதே. அந்தக் கணக்கில் 340 என்பது 322 ஆகும். 18 கலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். இதற்குப் போய் மூணு சப்பாத்தி!

வைவா நடந்தாலும் கலோரி ஏறும்

துடிப்பை மட்டும் நம்பினால் என்னென்ன கூத்து நடக்கும் என்று பாருங்கள். எக்ஸ்டர்னல் முன்னால் வைவாவுக்கு நிற்கிறீர்கள். வாட்ச்சில் 'வொர்க்அவுட்' போட்டுவிட்டு உள்ளே போகிறீர்கள். முதல் கேள்வியிலேயே நெஞ்சு 120-ல் அடிக்கிறது. பத்து நிமிஷம் பேந்தப் பேந்த முழித்துவிட்டு வந்தால், அந்த ஃபார்முலா கணக்குப்படி சுமார் 95 கலோரி 'உடற்பயிற்சி' செய்திருப்பீர்கள்! நிஜத்தில் சும்மா நின்றதற்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. பயத்தில் துடிக்கும் இதயத்துக்கும், ஓட்டத்தில் துடிக்கும் இதயத்துக்கும் வித்தியாசம் பச்சை விளக்குக்குத் தெரியாது. கை ஆட்டத்தையும் சேர்த்துப் பார்க்கிற வாட்ச் என்றால் ஓரளவு சுதாரிக்கும்.

வெயிலும் இதே வேலையைச் செய்யும். மே மாசச் சாயங்காலம் ஓடினால், உடம்பைக் குளிரவைக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது. வியர்வையில் தண்ணீர் வெளியேறி ரத்தத்தின் அளவும் குறைகிறது. டம்ளர் சின்னதாகிவிடுகிறது. எனவே அதே வேகத்துக்கு அதிகத் துடிப்பு. வாட்ச் சந்தோஷமாகக் கலோரியை ஏற்றிக் காட்டும். நிஜத்தில் நீங்கள் அதிகமாக எரித்தது கொழுப்பை இல்லை, இழந்தது தண்ணீரை. மார்கழியில் ஓடினால் அப்படியே தலைகீழ். இதைத் தெரியாமல் சித்திரையையும் மார்கழியையும் ஒப்பிட்டுக் கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கம் இல்லாத ராத்திரி, ஸ்ட்ராங் காபி, லேசான காய்ச்சல் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. ட்ரெட்மில் ஒரு நம்பர் காட்டும், கையில் இருப்பது வேறு நம்பர் காட்டும். ட்ரெட்மில்லுக்கு உங்கள் இதயம் பற்றிப் பெரிதாகக் கவலையில்லை. வேகம், ஏற்றம், எடை. இந்த மூன்றை வைத்துத்தான் அது பெருக்கும். எடையை நீங்கள் போடாவிட்டால் கம்பெனிக்காரர் நினைத்துவைத்த ஆளின் எடையைப் போட்டுக்கொள்ளும். அதனால் நீங்கள் ஃபிட் ஆனாலும் அந்த நம்பர் அசையாது. முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே நடந்தாலும் அசையாது!

அப்போ வாட்ச்சே வேஸ்ட்டா? இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு வகை கைப்பட்டைகளை 60 பேருக்குக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டு, லேப் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவு இது: இதயத் துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள். பாஸ் மார்க் இல்லை, டிஸ்டிங்ஷன்! கலோரியிலோ, இருப்பதிலேயே ஒழுங்கான கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை. மோசமான கருவிக்கு 93 சதவீதம். அதற்குப் பிறகு எத்தனையோ புது மாடல்கள் வந்துவிட்டன. ஆனாலும் நான் தம்பிக்குச் சொன்னது இதுதான்: துடிப்பு என்பது வாட்ச் நேரில் பார்த்துச் சொல்லும் சாட்சி. கலோரி, அது கேள்விப்பட்டதை வைத்துச் சொல்லும் கதை. எதை நம்புவாய்?

எதைப் பார்ப்பது?

காலையில் கண் விழித்ததும், போனை எடுப்பதற்கு முன் (முடியுமா?), படுத்தபடியே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிஷம் நாடியை எண்ணுங்கள். மாசக் கணக்கில் அது மெல்ல இறங்கினால் டம்ளர் பெருசாகிறது. தம்பிக்கு 78 இருந்தது 66 ஆகியிருந்தது. திடீரென்று ரெண்டு மூணு நாள் வழக்கத்தை விட ஏறி நின்றால், உடம்பு ஓய்வு கேட்கிறது அல்லது காய்ச்சல் வரப்பார்க்கிறது. ஓடி நிறுத்தியதும் ஒரு நிமிஷத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதும் நல்ல அடையாளம். ஃபிட் ஆக ஆக வேகமாக இறங்கும். ஒரு எச்சரிக்கை: நாடி குறைவாக இருப்பதோடு தலைசுற்றல், மயக்கம், நெஞ்சில் சங்கடம் என்று எதுவும் சேர்ந்தால், அது ஃபிட்னஸ் என்று நீங்களே முடிவு செய்யாமல் டாக்டரைப் பாருங்கள். தம்பியையும் மறுநாள் அனுப்பிவைத்தேன். பட்டினியும் தண்ணீர் குறைவும்தான் காரணம் என்று சொல்லி, நன்றாகத் திட்டியும் அனுப்பியிருக்கிறார்.

உண்மையிலேயே அதிகம் எரிக்கணும் என்றால்? ரவுண்டைக் கூட்டிக்கொண்டே போவது ஒரு வழி. வேகத்தைக் கூட்டுவது இன்னொரு வழி. பழைய 160 துடிப்புக்கே திரும்பப் போகச் சொன்னேன். இப்போது அந்தத் துடிப்பில் அவனால் முப்பது நிமிஷத்தில் பன்னிரண்டு ரவுண்டு, அதாவது 4.8 கிலோமீட்டர் ஓட முடிகிறது. வேகத்தை வைத்துப் போடும் அந்தக் கணக்கில் சுமார் 378 கலோரி. குண்டாக, மூச்சிரைத்து ஓடிய நாளில் நிஜமாக எரித்ததை விட இது அதிகம். எடை குறைந்த பிறகும் அதிகம்! இதயத்துக்கு அதே கஷ்டம், காலுக்கு அதிக தூரம். வாட்ச்சும் பழைய 470 பக்கத்தில் ஏதாவது காட்டி அவன் மனசைக் குளிரவைக்கும்.

நீச்சல் மாதிரி சில விஷயங்களில் மட்டும் கதை கொஞ்சம் மாறும். புதுசாக நீந்துகிறவர் கையைக் காலை உதைத்துத் தண்ணீரோடு சண்டை போடுவார். பழகியவர் வழுக்கிக்கொண்டு போவார். அங்கே அதே தூரத்துக்கு நிஜமாகவே செலவு நன்றாகக் குறையும். ஓட்டத்தில் அந்த மிச்சம் ரொம்பக் கொஞ்சம்தான்.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் கலோரி இல்லை, அந்த மூணு சப்பாத்தி. வாட்ச் கணக்கில் 'சம்பாதித்தால்தான்' சாப்பாடு என்று ஆரம்பிக்கிறவர்கள், பசங்களிலும் உண்டு, லேடீஸ் ஹாஸ்டலிலும் உண்டு. முப்பது சதவீதம் தப்பாகக் காட்டக்கூடிய ஒரு நம்பரை வைத்து, தட்டில் இருப்பதை நூறு சதவீதம் கறாராக வெட்டுகிறார்கள். ஓடுகிற உடம்புக்கு டம்ளரைப் பெருசாக்கவும் தசையைக் கட்டவும் சரக்கு வேண்டாமா? தவிர, அந்த நம்பரில் நீங்கள் படுத்துக்கிடந்தாலும் எரிந்திருக்கும் கலோரியும் பெரும்பாலும் சேர்ந்தேதான் இருக்கும். 75 கிலோ ஆளுக்கு அரை மணி நேரத்தில் அது மட்டுமே 37 கலோரிக்கு மேல்.

போன வாரம் மறுபடி ராத்திரி போன்.

"அண்ணே, வாட்ச்ல கலோரி காட்டுற பக்கத்தையே தூக்கிட்டேன். இப்ப துடிப்பும் கிலோமீட்டரும் மட்டும்தான்."

"சபாஷ். சாப்பிட்டியா?"

"ஆச்சு. நாலு சப்பாத்தி. குருமா நல்லாருந்துச்சுன்னு அஞ்சாவதும்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. எனக்கு விளங்கிவிட்டது. "அப்புறம்ணே... நல்ல ஷூ ஒண்ணு வாங்கணும். ஒரு ரெண்டாயிரம்..."